அடித்தட்டில் விரிக்க ஒரு தாள்

எனக்குத் துரோகம் செய்தவர்களில் முதலிடம் ரத்தினபாண்டிக்கு. என் மச்சினன். தங்கபுஷ்பத்துக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி. அவனுக்குப் பின்னால் எத்தனையோ பேர் வரிசையில் நிற்கிறார்கள். கூண்டில் விரிக்கிற சோளக்கட்டைத் தூளை வெளிநாட்டுச் சரக்கு என்று தலையில் கட்டப் பார்த்த லவ் பேர்ட்ஸ் கடைக்காரன், கண் மங்கிவிட்டது என்று சொல்லி என்னைக் கட்டிங் மெஷினிலிருந்து எழுப்பிவிட்ட அச்சாபீஸ் மேனேஜர், மகள் கல்யாணப் பந்தியில் எனக்கு இலை போடாமல் தாண்டிப்போன சம்பந்தி வீட்டு ஆள். ஒருவரையும் நான் மறக்கவில்லை. ஆனால் முதல் ஆள் ரத்தினபாண்டிதான். இதோ கூண்டின் அடியிலிருந்து தகரத் தட்டை உருவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். தட்டு காலியாக இருக்கிறது. கழுவித் துடைத்தாயிற்று. மேலே கம்பியில் எங்கள் கிளி செல்லி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். தங்கபுஷ்பம் மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள். மகளுக்குத் திருப்பூரில் பிரசவம், அதற்குப் போனவள் இன்றைக்குத் திரும்புகிறாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அக்காவை அழைத்துவருகிறவன் அவன்தான். இரண்டு பேரும் சேர்ந்து அந்த நிலைப்படியில் வந்து நிற்பதற்குள் இந்தத் தட்டில் எதையாவது விரித்தாக வேண்டும். எதை விரித்தாலும் கேள்வி வரும். போன தடவை கேள்வி வந்தபோது பதில் சொல்ல வேண்டியவன் சொல்லவில்லை.

செல்லி ஏன் ஒரு காலைத் தூக்கியிருக்கிறாள். தூங்கும்போது பறவை அப்படித்தான் நிற்கும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவள் தூங்கவில்லை. கண் திறந்திருக்கிறது. நேற்றுக் காலை துணியில் நகம் மாட்டிக்கொண்ட கால் அது. தங்கபுஷ்பம் ஊருக்குப் போகும் முன் தன் பழைய நூல் சேலையைத் தட்டின் அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டி, ஓரம் அடித்து, அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். தினம் ஒன்றைப் போட வேண்டும், அழுக்கானதைத் துவைத்துக் காயப்போட வேண்டும், வேறு எதையும் போடக் கூடாது. வேறு எதையும் என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தாள். நான் அப்படியே செய்தேன். கொடியில் அந்தத் துண்டுகள் காயும்போது பக்கத்து வீட்டு அழகுத்தாய், “அண்ணாச்சி, பேரப்பிள்ளை இங்கயே வந்துருச்சா, துணியெல்லாம் காயுது” என்று கேட்டாள். சிரித்துவிட்டு வந்தேன். துவைக்கத் துவைக்க ஓரத்து நூல் பிரியும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. நேற்று எழுந்து வந்து பார்த்தால் செல்லி கீழே கம்பிச் சட்டத்தோடு இறக்கையை அடித்துக்கொண்டு கிடக்கிறாள். சட்டத்துக்குக் கீழே இருந்த துணியின் நூல் மேலே சுருண்டு வந்து நகத்தைச் சுற்றியிருக்கிறது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாளோ. கத்தரிக்கோலை உள்ளே விட்டபோது, என் மங்கின கண்ணில் நூலை வெட்டுகிறேனா விரலை வெட்டுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. நகத்தின் ஓரத்தில் ஒரு பொட்டு ரத்தம். மஞ்சள்தூளை வைத்து அமுக்கினேன். கைக்குள் அவள் நெஞ்சு அடித்தது. இவ்வளவு சின்ன உடம்புக்குள் அவ்வளவு வேகமாக ஓட வேண்டிய அவசரம் எதற்கு. ராசாவுக்கும் கடைசியில் அப்படித்தான் அடித்தது.

ராசா நீலம். செல்லி பச்சை. மகள் புருஷன் வீட்டுக்குப் போனபோது, அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஜோடியாக வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் துணை இல்லையா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ராசா தங்கபுஷ்பத்தின் தோளில் உட்கார்ந்து அவள் காதுத்தோட்டைக் கொத்துவான். “டேய், பவுனு என்ன விலை விக்குது, விடுடா” என்பாள். என்னிடம் அந்தக் குரலில் அவள் பேசி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, ஆனாலும் அந்தக் குரல் வீட்டுக்குள் கேட்டது. அது போதும் என்றுதான் இருந்தேன். அப்போது தட்டில் ஒன்றும் விரிக்கவில்லை, வெறும் தகரம். எச்சம் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், கத்தியால் சுரண்டினால்தான் போகும், சுரண்டும் சத்தத்தில் இரண்டும் மிரளும். பேப்பர் போடலாமே என்று சொன்னேன். தங்கபுஷ்பம் விடவில்லை. காகிதம் சரஸ்வதி. தெரியாமல் காலில் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள், அதன் மேல் எச்சம் போக விடுவாளா. எங்கள் ஊரில் காகிதத்துக்கா பஞ்சம். சிவகாசியில் தெருவுக்குத் தெரு அச்சாபீஸ். நான் வேலை பார்த்த இடத்தில் வேஸ்ட் ஷீட் மட்டும் ஆள் உயரத்துக்குக் கிடக்கும். ஆனால் எல்லாம் காலண்டர் ஷீட். எதை எடுத்தாலும் முருகன், எதைத் திருப்பினாலும் லட்சுமி. மை ஓட்டம் சரி பார்ப்பதற்காக ஒரே தாளைத் திரும்பத் திரும்ப மெஷினில் விடுவார்கள், அதில் பிள்ளையார் முகத்தின் மேல் பெருமாள் நிற்பார், பெருமாள் மேல் ஒரு நகைக்கடையின் பெயர் ஓடும். இவ்வளவு தாள் உள்ள ஊரில் ஒரு பறவை எச்சம் போடத் தாள் கிடையாது. அப்போதுதான் ரத்தினபாண்டி வந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மொபெட்டின் முன்னால் ஒரு சாக்கு மூட்டை. அவனுக்குத் தீக்குச்சி மில்லில் சூப்பர்வைசர் வேலை. வெட்டின குச்சியை டிரம்மில் போட்டு உருட்டிப் பளபளப்பாக்குவார்கள், அப்போது உதிர்கிற மரத்தூள் அது. மாவு மாதிரி இருந்தது. “அத்தான், இதைப் போடுங்க. ஈரத்தை உடனே குடிச்சுரும். வாடையே வராது. கோழிப்பண்ணைக்கெல்லாம் லோடு லோடா போகுது” என்றான். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதை இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வேன். “மாப்ளே, இவ்வளவு நைசா இருக்கே, மூக்குல ஏறாதா” என்று கேட்டேன். அவன் சிரித்தான். “அத்தான், அது கிளி. உங்களை மாதிரி மூக்குப்பொடி போடுற ஆளா.” தங்கபுஷ்பம் அடுப்படியில் இருந்தாள், எங்கள் பேச்சு அவள் காதில் விழவில்லை, மூட்டை நான் கேட்டு வந்தது என்றுதான் நினைத்திருப்பாள். அவன் காபி குடித்துவிட்டுப் போய்விட்டான். நான் தூளைத் தட்டில் கொட்டிக் கையால் நிரவினேன். புது மரத்தின் வாசனை வீடு முழுக்க இருந்தது. அழகாக இருந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை, அது அழகாக இருந்தது. காலையில் ஈரமான இடத்தை மட்டும் கரண்டியால் அள்ளிவிட்டு மேலே ஒரு பிடி தூவினால் போதும், புதுசு போல ஆகிவிடும். “இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு” என்று தங்கபுஷ்பமே சொன்னாள். தூள் எல்லாவற்றையும் குடித்துவிடும். எச்சம் என்ன நிறம், தண்ணியாகப் போகிறதா, கெட்டியாகப் போகிறதா, ஒன்றும் தெரியாது. ராசா இறக்கையை அடிக்கும்போது ஒரு புகை போல எழும்பி வெயிலில் மினுங்கும். அதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், நன்றாக இருக்கிறதே என்று. தும்மல் முதலில் வந்தது. பறவை தும்முவதைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் வால் மேலும் கீழும் ஆட ஆரம்பித்தது. அதற்குச் சிரிக்கவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசுப் பெண்தான் டாக்டர். அன்றைக்கு ரத்தினபாண்டிதான் ஆட்டோ பிடித்து எங்களோடு வந்தான். ராசா ஒரு செருப்பு டப்பாவுக்குள் இருந்தான். டாக்டர் அவனைக் கையில் எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். “கீழ என்னங்க ஐயா போடுறீங்க?” மரத்தூள் என்றேன். “நைஸ் தூளா?” ஆமாம் என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மரத்தூள் வேண்டாம், மணல் வேண்டாம், சோளக்கட்டைத் தூள் ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும், அதுவும் வேண்டாம், சும்மா நியூஸ் பேப்பரைப் போட்டுத் தினம் மாற்றினாலே போதும் என்று நிதானமாகச் சொன்னாள். வழவழப்பான கலர் தாள் மட்டும் கூடாது. பேப்பர் என்றால் எச்சம் கண்ணுக்குத் தெரியும், எச்சம் தெரிந்தால் நோவு முன்கூட்டியே தெரியும். “ஒரு வாரம் முன்னாடி பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்” என்றாள். அப்போது தங்கபுஷ்பம் கேட்டாள். யாரைப் பார்த்தும் கேட்கவில்லை, அந்த டப்பாவைப் பார்த்துக் கேட்டாள். “அந்தத் தூளைப் போடலாம்னு யார் சொன்னா?” நான் ரத்தினபாண்டியைப் பார்த்தேன். சுவரில் மாட்டுக்குக் கோமாரி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு படம் ஒட்டியிருந்தது. அவன் அதைப் படித்துக்கொண்டிருந்தான். விரலை வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் மாடு கிடையாது. அவன் தாத்தா காலத்திலும் கிடையாது. நான் காத்திருந்தேன். இப்போது சொல்வான், இதோ திரும்பப் போகிறான், நான்தான் அக்கா, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்பான் என்று காத்திருந்தேன். நானே சொல்லியிருக்கலாம். நான் சொன்னால் அது கோள், அவன் சொன்னால்தான் அது உண்மை. அப்படி நினைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றேன். நின்ற நேரத்தில் தங்கபுஷ்பம் என்னைப் பார்த்தாள். நான்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் ராசா போய்விட்டான். முருங்கை மரத்தடியில் குழி தோண்டியவன் நான். மண்ணைத் தள்ளியதும் நான். ரத்தினபாண்டி மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு கூண்டு அவளுடையது. தண்ணீர் வைக்கப் போனாலும், “நீங்க கைய வைக்காதீங்க” என்பாள். சண்டை போட்டுச் சொல்வதில்லை, அடுப்பைத் தொடும் பிள்ளையிடம் சொல்வது போலச் சொல்வாள். ஒரு வருஷமாக இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு இதே வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகிறேன். மகளுக்கு நாள் நெருங்கியபோது வேறு வழியில்லை. அழகுத்தாய் வீட்டில் பூனை. ரத்தினபாண்டியின் வீட்டில் விட்டுப்போகலாமா என்றுகூட யோசித்தாள், அதை என் எதிரிலேயே யோசித்தாள். அவன் வீட்டில். கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு கூண்டின் முன்னால் வந்து நின்று, என்னிடம் சொல்லாமல் செல்லியிடம் சொன்னாள், “தாத்தா பாத்துக்கிடுவாரு.” அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் இருந்தேன். ராத்திரி கூண்டுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தேன். இன்றைக்கு அவள் வரும்போது செல்லி நன்றாக இருந்தால் அந்த வார்த்தை நிற்கும். கீழே விழுந்து கிடந்தால் மறுபடியும் கைய வைக்காதீங்கதான், நான் சாகிற வரைக்கும்.

துணியை இனிமேல் போட முடியாது. வேறு என்ன. மணல் ஆற்றில் கிடக்கிறது, அள்ளிச் சலித்துப் போடலாம், ஆனால் பறவை கொத்தித் தின்றால் வயிற்றில் அடைத்துக்கொள்ளும் என்று அந்த டாக்டர் பெண் சொன்னது காதில் இருக்கிறது. வேப்பிலையைப் பரப்பினால் காலையில் பச்சையாக இருக்கும், சாயங்காலம் சருகாகிவிடும், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தெரியாதது எதுவும் எனக்கு வேண்டாம். பேப்பர்தான். சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறேன். டாக்டர் சொன்னதை அவளும் கேட்டாள், கேட்டும் காகிதத்தைத் தொடவில்லை, துணியை வெட்டினாள். அவள் இல்லாத நேரத்தில் சரஸ்வதியைக் கொண்டுபோய்க் கிளிக்குக் கீழே போட்டால் என்ன சொல்வாள். டீக்கடையில் நேற்று வாங்கிவந்த பழைய பேப்பர் கட்டு இதோ பக்கத்தில் இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பிரிக்கிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் தாள் எனக்குத் தெரியும், விரலில் தேய்த்தால் மை ஒட்டுகிறதா இல்லையா என்று தெரியும். முதல் பக்கத்தில் கோயில் தேர். தள்ளு. உள்பக்கம் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி, கட்டம் கட்டமாக முகங்கள். ஒருவர் என் வயசு. பொட்டு வைத்துச் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருக்கிறார். யாரோ பணம் கட்டி அழுதிருக்கிறார்கள், அதன் மேல் எச்சம் விழ விடலாமா. தள்ளு. வெள்ளிக்கிழமை இணைப்பு, ராசிபலன், கடைசிப் பக்கத்தில் அம்மன். தள்ளு. கலர் விளம்பரத் தாள், வழவழப்பு, அது ஆகவே ஆகாது. சாமியும் இல்லாமல் செத்தவரும் இல்லாமல் ஒரு தாள். கட்டில் பாதி போய்விட்டது. கடைசியில் ஒன்று கிடைத்தது. இரண்டு பக்கமும் டெண்டர் அறிவிப்பு, பொடி எழுத்து, படமே கிடையாது. யாருடைய முகமும் இல்லை. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் செய்திருப்பாள், அவளுக்காகச் செய்தேன். தட்டின் அளவுக்கு மடித்து, ஓரம் தூக்காமல் நகத்தால் நீவி, தட்டைக் கூண்டுக்குள் தள்ளினேன்.

இப்போது காத்திருக்க வேண்டும். செல்லி கழுத்தைச் சாய்த்துக் கீழே பார்க்கிறாள். இறகு கொஞ்சம் உப்பியிருக்கிறதோ. குளிரில் உப்பும், இப்போது குளிர் இல்லை. வால் ஆடுகிறதா. ஆடவில்லை. ஆடுவது போல எனக்குத் தெரிகிறது, என் கண்ணை நம்ப முடியாது என்று அந்த மேனேஜரே சொல்லிவிட்டானே. போடு தாயே, ஒரு தடவை போடு, பார்த்துக்கொள்கிறேன். கிளியின் எச்சத்துக்காக ஒரு மனுஷன் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஊரே சிரிக்கும். ராசாவுக்காக இப்படி ஒரு நாள் காலையில் உட்கார்ந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். தூளுக்கு அடியில் எல்லாம் இருந்திருக்கும், கரண்டியில் அள்ளி அள்ளிக் கொட்டினேனே, ஒரு தடவை கிளறிப் பார்த்திருக்கக் கூடாதா. லட்சணமாக இருந்ததைக் கலைக்க மனசு வரவில்லை. டப். தாளில் ஒரு சின்னச் சத்தம். குனிந்து பார்க்கிறேன். டெண்டர் எழுத்தின் மேல் கெட்டியாக ஒரு சுருள், நடுவில் வெள்ளை, சுற்றிலும் கரும்பச்சை. நன்றாக இருக்கிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது. தூக்கியிருந்த காலை இறக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது.

மொபெட் சத்தம் தெருமுனையிலேயே கேட்டுவிட்டது. தங்கபுஷ்பம் செருப்பைக் கழற்றினாள், பையைக்கூட இறக்கவில்லை, நேராகக் கூண்டுக்கு வந்தாள். ரத்தினபாண்டி பின்னால், “என்ன அத்தான், ஆளு இளைச்சுட்டீங்க. தினையெல்லாம் அதுக்குப் போட்டுட்டுப் பட்டினி கிடந்தீங்களா” என்றான். அவள் கண் முதலில் தட்டுக்குப் போனது. “பேப்பரா?” என்றாள். “ம்” என்றேன். “சாமி படம் கிடக்கப் போவுது அத்தான், அக்கா ஆடித் தீத்துரும்” என்றான் அவன். “சாமி இல்ல. செத்தவங்களும் இல்ல. பாத்துத்தான் போட்டேன்” என்றேன். கண் மேலே ஏறியது. செல்லியின் மஞ்சள் அப்பிய விரலில் நின்றது. “கால்ல என்ன?” உன் சேலை நூல் என்று சொல்லலாம். ஒரு வருஷத்துக்கும் சேர்த்துச் சொல்லலாம், வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தால், “ஒண்ணுமில்ல, நூல் சுத்திக்கிச்சு. எடுத்துட்டேன்” என்றுதான் வந்தது. அவள் கொடியைப் பார்த்தாள். மடித்து வைத்திருந்த துண்டுகளில் ஒன்றை எடுத்து ஓரத்தைப் பிரித்துப் பார்த்தாள். “நான் அடிச்ச தையல்தான்” என்றாள். “அவசரத்துல முடிச்சுப் போடாம விட்டுட்டேன். என் தப்பு.”

அவ்வளவுதான். பை இன்னும் தோளில் தொங்குகிறது. ஒரு மூச்சுகூட முழுசாக ஆகவில்லை அதைச் சொல்ல. கூரை இடிந்து விழவில்லை. செல்லி தினையைக் கொத்திக்கொண்டிருந்தாள். நான் ரத்தினபாண்டியைப் பார்த்தேன். இதோ, உன் அக்காதானே, பக்கத்தில்தானே நிற்கிறாய், கேட்டாய் அல்லவா எவ்வளவு சுலபம் என்று. அவன் நின்றான். தொண்டையைச் செருமினான். வாய் திறந்தது. நான் காத்திருந்தேன், அந்த ஆஸ்பத்திரியில் காத்திருந்தது போலவே காத்திருந்தேன். “அக்கா, காபி போடேன், வெயில் தாங்கல” என்றான். பிறகு சுவர்க் காலண்டர் பக்கம் திரும்பி, எந்த நாள் முகூர்த்தம் என்று விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தான்.

தங்கபுஷ்பம் காபி போடப் போகவில்லை. பையை இறக்கிவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பேப்பர் கட்டைத் தன் பக்கம் இழுத்தாள். “நாளைக்கு வேணுமில்ல” என்று சொல்லிவிட்டு முதல் தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “இதுல யாரு, பாருங்க, எனக்குக் கண்ணாடி பைக்குள்ள இருக்கு.” கட்டம் போட்ட முகங்கள். “செத்தவங்க” என்றேன். அதைத் தனியாக ஒதுக்கி வைத்தாள். அடுத்ததை நீட்டினாள். அவள் கேட்கவில்லை, தூளைப் பற்றி இனிமேல் கேட்கவும் மாட்டாள், அவளைப் பொறுத்தவரை அதைப் போட்டவன் நான், அப்படி நினைத்துக்கொண்டேதான் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ரத்தினபாண்டி மாதத்தைத் திருப்புகிறான். அடுத்த மாதம், அதற்கு அடுத்த மாதம். காலண்டரில் இன்னும் எத்தனை தாள் இருக்கிறதோ படிக்கட்டும். அந்த ஒரு வார்த்தை இன்னும் அவன் வாய்க்குள்தான் இருக்கிறது. அது எனக்கு வர வேண்டியது. நான் எழுந்து போகிறவனில்லை, இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.